ஈயம் இறங்கிய தோட்டம்

மகளின் ரத்தத்தில் ஈயம் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்னபோது, கீரையக்கா முதலில் சந்தேகப்பட்டது மருமகனைத்தான்.

அதற்குக் காரணம் இருந்தது. மருமகன் பெயிண்டர். பழைய கதவுகளையும் இரும்புக் கேட்டுகளையும் சுரண்டித் தேய்த்துப் புது வர்ணம் அடிப்பவர். சாயங்காலம் வீடு திரும்பும்போது தலைமுடியில் வெள்ளைத் தூள், நகக்கண்ணில் பச்சை, சட்டையில் ஊரிலுள்ள அத்தனை நிறமும் இருக்கும். பழைய பெயிண்டில் ஈயம் உண்டு என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தாள் கீரையக்கா. அது போதாதா?

"உன் வீட்டுக்காரர் சட்டையை வீட்டுத் துணியோட சேர்த்துத் துவைக்காதேன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டியா நீ?" என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே மகளைப் பிடித்துக்கொண்டாள்.

மகளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். "பயப்படற அளவு இல்லம்மா. ஆனா எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிச்சு நிறுத்திடணும். வயித்துல பிள்ளை இருக்கறப்ப சும்மா விடக் கூடாது" என்று சொன்ன மருத்துவர், ஊரின் மறுகோடியில் இருந்த மண், நீர் ஆராய்ச்சி நிலையத்துக்கு அப்போதே போன் போட்டுப் பேசினார்.

அங்கிருந்து வந்த பெண்ணுக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். ஒட்ட வெட்டிய முடி, மூக்கு நுனியில் கண்ணாடி, காலில் ரப்பர் பூட்ஸ். கையில் சின்னச் சின்னப் புட்டிகள் அடுக்கிய ஒரு பெட்டி. மகள் வீட்டு வாசலில் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து, சுவரைக் கொஞ்சம் சுரண்டி எடுத்தார். குழாய்த் தண்ணீரைப் பிடித்தார். அலமாரி மேல் தூசியைத் துடைத்து எடுத்தார். மருமகனின் சட்டையிலிருந்து ஒரு துண்டை அவர் வெட்டியபோது, மருமகன் போலீசிடம் மாட்டிக்கொண்டவரைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். கீரையக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"தினமும் என்னென்ன சாப்பிடறீங்க?" என்று கேட்டார் ஆராய்ச்சிக்காரர்.

மகள் சிரித்தாள். "வேற என்ன, எங்கம்மா கீரைதான். ரெண்டு வேளையும். வேணாம்னா விடவா போறாங்க?"

"எங்க சொந்தத் தோட்டத்துக் கீரை. மருந்து கிருந்து எதையும் கிட்டக்கவே சேர்க்கறதில்ல" என்றாள் கீரையக்கா. அதைச் சொல்லும்போது அவளுக்குக் கழுத்து கொஞ்சம் நிமிர்ந்தது. இருபது வருடமாக அந்த ஊர்த் தெருக்களில் அவள் கீரை வண்டி போகிறது. பல் முளைத்த பிள்ளைக்கு முதல் கீரை மசித்துக் கொடுக்க வேண்டுமென்றால் அவளிடம்தான் வாங்குவார்கள்.

"அதுலயும் ஒரு கட்டு எடுத்துக்கறேன்" என்றார் அவர்.

முடிவைப் போனில் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. நேராகத் தோட்டத்துக்கே வந்தார். சரக்கு ரயில் நிற்கும் இடத்துக்குப் பின்னால், கால்வாயை ஒட்டி நீளவாக்கில் கிடந்தது அந்தத் தோட்டம். கீரையக்கா குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"உங்க மாப்பிள்ளை மேல தப்பில்லம்மா. சட்டையில ஈயம் இருக்கு. ஆனா அவர் வாசல்லயே கழட்டிப் போட்டுட்டுக் குளிச்சுட்டுத்தான் உள்ள வர்றாராம். வீட்டுத் தூசி சுத்தமா இருக்கு. தண்ணியும் நல்ல தண்ணிதான்."

"அப்பாடா! அப்ப எங்கதான் இருக்கு?"

"கீரையில இருக்கும்மா."

கீரையக்கா சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. வரப்பில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். கால்வாயின் மேல்பக்கத்தில் பழைய பேட்டரிகளை உடைக்கும் கொட்டகை ஒன்று இருந்தது. மூடிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஆனால் அங்கே கொட்டிய ஈயம் கால்வாய்ச் சேற்றில் தங்கிவிட்டது. மழைக்கு மழை அந்தச் சேறு தோட்டத்துக்குள் வந்து படிந்திருக்கிறது. கீரையை நன்றாக அலசி எடுத்தும் சோதித்துப் பார்த்தார்கள். ஒட்டியிருந்த மண் போன பிறகும் இலைக்குள்ளேயே ஈயம் இருந்தது.

"எந்தப் பாத்தியிலேருந்து மகளுக்கு எடுப்பீங்க?"

கீரையக்கா கையை மட்டும் நீட்டிக் காட்டினாள். மடையை ஒட்டிய பாத்தி. வண்டல் படிந்து படிந்து, அங்கேதான் கீரை தளதளவென்று வரும். அதிலும் கொழுந்தாகப் பார்த்துக் கிள்ளி, விற்பனைக்குக் கூடக் கொடுக்காமல், மகளுக்கென்று தனியாக எடுத்து வைப்பாள்.

"நான்தானா? என் கையாலயா?" என்றாள்.

"நீங்க இல்லம்மா. மண்ணு. உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அவள் தோளில் கை வைத்தார் அவர். அந்தக் கையில் மண்ணும் மையும் ஒட்டியிருந்தன. வெகுநேரம் அவர் எழுந்து போகவில்லை. கீரையக்கா அழுது முடிக்கும்வரை கூடவே உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் புருஷனிடம் சொன்னாள். அவர் வெல்டர். எதையும் கிண்டலாக எடுத்துக்கொள்கிற மனுஷன் அன்றைக்குக் கிண்டல் எதுவும் செய்யவில்லை. மெதுவாக, "அறுப்புக்கு நிக்குதே எல்லாம். இந்த ஒரு தடவை மட்டும் வித்துட்டு..." என்று ஆரம்பித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் மீதியை முழுங்கிவிட்டார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவரே முன்னால் நடந்தார். இருட்டுவதற்குள் இரண்டு பேருமாக எல்லாக் கீரையையும் பிடுங்கி, ஆராய்ச்சி நிலையம் கொடுத்த மூட்டைகளில் கட்டி வைத்தார்கள்.

மறுநாள் காலையில் கீரையக்கா வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பினாள். வண்டிச் சத்தம் கேட்டால்தான் வாடிக்கைக்காரர்கள் வெளியே வருவார்கள். ஒவ்வொரு வாசலாக நின்று, நடந்ததை ஒளிவு மறைவில்லாமல் சொன்னாள்.

தையல்காரி ஒருத்தி, இடுப்பில் கைக்குழந்தையோடு வந்தவள், கத்தித் தீர்த்துவிட்டாள். "பச்சப்பிள்ளைக்குக் குடுத்திருக்கேனே! நல்லா இருப்பியா நீ?" கீரையக்கா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். கேட்க வேண்டியதுதான் என்று அவளுக்கே தோன்றியது. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் கேட்ட கையோடு கதவைச் சாத்தினார். மாடி வீட்டு டீச்சர் மட்டும் படியிறங்கி வந்து, "நீ வராம இருந்திருந்தா எங்களுக்கு இது தெரிஞ்சே இருக்காது. ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போ" என்று சொம்பை நீட்டினார். அந்தத் தண்ணீரைக் குடிக்கும்போதுதான், காலையிலிருந்து தான் எதுவுமே சாப்பிடவில்லை என்பது அவளுக்கு நினைவு வந்தது.

ஆராய்ச்சி நிலைய வராந்தாவில் கீரை வாங்கிய வீடுகளின் பிள்ளைகள் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தார் டாக்டரம்மா. ஆராய்ச்சிக்காரரை அப்படித்தான் கீரையக்கா கூப்பிட ஆரம்பித்திருந்தாள். தையல்காரியின் குழந்தைக்கு மட்டும் அளவு கொஞ்சம் கூடியிருந்தது. மற்ற பிள்ளைகளுக்குப் பரவாயில்லை. அந்த ஒரு குழந்தையை மாதாமாதம் பார்க்கச் சொன்னார்கள். அந்த அளவு இறங்கும்வரை கீரையக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. நல்லவேளை, அளவு இறங்கியது.

அதற்குப் பிறகுதான் டாக்டரம்மா தோட்டத்தைக் கேட்டார். "எங்க ஆராய்ச்சிக்கு இடம் வேணும். உங்களுக்குச் சுத்தமான மண்ணு வேணும். சேர்ந்து செய்வோமா?"

வெல்டருக்கு மறுபடி வாய் வந்தது. "சூரியகாந்தி போட்டா ஈயத்தை உறிஞ்சிடும்னு டிவியில சொன்னாங்களே டாக்டர்?"

"உறிஞ்சும் சார். ஆனா உறிஞ்சி முடிக்கறப்ப உங்க பேரனோட பேரன் வந்துதான் அறுவடை பண்ணணும்."

ஈயத்தை மண்ணிலிருந்து வெளியே எடுப்பது பெரும்பாடு, ஆனால் செடிக்குப் போகாமல் மண்ணிலேயே கட்டிப்போடலாம் என்று அவர் விளக்கினார். எலும்புத் தூள், உமியைக் கருக்கிய கரி, மக்கிய எரு. எதை எவ்வளவு போட்டால் பிடிக்கும் என்று பார்க்கத் தோட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கலர் குச்சிகள் நட்டார்கள். சோதனைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள நிலையத்தின் கூலியாளாகக் கீரையக்காவையே வைத்துக்கொண்டார்கள். தன் தோட்டத்துக்குத் தானே கூலிக்குப் போகிற முதல் ஆள் அவள்தான் என்று வெல்டர் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

இதற்கு நடுவில் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கீரையை நிறுத்தி, மருத்துவர் சொன்ன மாத்திரைகளைச் சாப்பிட்டதில் மகளின் அளவு படிப்படியாகக் குறைந்திருந்தது. குழந்தையின் ரத்தத்தையும் பார்த்தார்கள். "கவலையே படாதீங்க" என்று மருத்துவர் சொன்னதும் கீரையக்கா ஆஸ்பத்திரி பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் மருமகன் நின்றிருந்தார்.

"மாப்பிள்ளை, அன்னிக்கு நான் உங்களைத்தான்..."

"அத்தை, எங்கம்மாவே என்னைத்தான் சந்தேகப்பட்டாங்க. விடுங்க. பிள்ளையைப் பிடிங்க முதல்ல."

அந்த நிமிஷத்திலிருந்து அவருக்கு மாமியார் வீட்டில் ராஜ உபசாரம்தான்.

தோட்டத்துச் சங்கதி அவ்வளவு சுலபமாக முடியவில்லை. முதல் வருடக் கடைசியில் ஒரு பேய்மழை பெய்தது. கால்வாய் பொங்கி, கரையை உடைத்துக்கொண்டு, புதுச் சேற்றைத் தோட்டம் முழுக்கக் கொட்டிவிட்டுப் போனது. கலர் குச்சிகள் எங்கே போயின என்றே தெரியவில்லை. டாக்டரம்மா சேற்றில் கால் புதைய நடந்து வந்து, வரப்பு இருந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்தார். பூட்ஸுக்குள் தண்ணீர்.

"எல்லாம் போச்சும்மா. ஒரு வருஷ வேலை."

கீரையக்கா பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றி நீட்டினாள். அன்றைக்கு அவர் எப்படித் தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாரோ, அப்படியே தானும் உட்கார்ந்துகொண்டாள். "சூடு ஆறறதுக்குள்ள குடிங்க டாக்டரம்மா. மழையில போகாத பயிர் எது? மறுபடி போடலாம்" என்றாள்.

டாக்டரம்மா டீயைக் குடித்தார். காலி டம்ளரில் கால்வாய்த் தண்ணீரைக் கொஞ்சம் மொண்டு, பார்த்துக்கொண்டே இருந்தார். சேறு மெல்ல அடியில் படிந்தது. நிலையத்துக்கு எடுத்துப்போய், படிந்த சேற்றையும் மேலே தெளிந்த நீரையும் தனித்தனியாகச் சோதித்தார். ஈயம் முக்கால்வாசியும் சேற்றில்தான் இருந்தது. நீரில் மிகக் கொஞ்சம். மண்ணைச் சரிசெய்வதற்கு முன்னால் தண்ணீரைச் சரிசெய்ய வேண்டும் என்று அவருக்குப் பிடிபட்டது.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. கால்வாய்ப் பக்கம் கரையை உயர்த்தினார்கள். தண்ணீர் நேராகத் தோட்டத்துக்கு வராமல், முதலில் ஒரு தொட்டியில் நின்று தெளிய வேண்டும். பிறகு மணலும் கரியும் நிரப்பிய பீப்பாய்கள் வழியாக இறங்க வேண்டும். மடைக்கு இரும்புக் கதவையும் பீப்பாய்களுக்குக் குழாய்களையும் வெல்டர்தான் செய்து பூட்டினார். "கேட்டு செஞ்சு செஞ்சே காலம் போச்சு. தண்ணிக்கு கேட்டு போடறது இதுதான் முதல் தடவை" என்றார். அந்தக் கதவுக்கு மருமகன் நீல வர்ணம் அடித்தார். ஈயமில்லாத பெயிண்ட் என்று டப்பாவைக் காட்டிய பிறகுதான் மாமியார் பிரஷ்ஷைத் தொட விட்டாள்.

வந்து படிந்த சேற்றை வழித்து அப்புறப்படுத்தி, பாத்திகளை மறுபடி பிரித்தார்கள். முதலில் கத்தரியும் அவரையும் போட்டார்கள். ஈயம் காய்க்கு அவ்வளவாக ஏறாது என்று டாக்டரம்மா சொன்னது சரியாக இருந்தது. கீரையைக் கடைசியாகத்தான் விதைத்தார்கள். செடி மேல் மண் தெறிக்காமல் இருக்கப் பாத்தியெல்லாம் வைக்கோல் பரப்பியிருந்தது. கீரையக்கா கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தாள்.

முடிவு வந்த அன்றும் டாக்டரம்மா போனில் சொல்லவில்லை. வண்டியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். மடையோரத்து மூலையில் மட்டும் இன்னும் அளவு அதிகம். அங்கே சாப்பிடுகிற பயிர் எதுவும் கூடாது, பூச்செடி வைக்கலாம். மற்ற எல்லாப் பாத்திகளிலும் பாதுகாப்பான அளவுக்கு வெகு கீழே இறங்கிவிட்டது. காகிதத்தை நீட்டி எண்களைக் காட்டினார். கீரையக்காவின் கண்ணைக் கண்ணீர் மறைத்தது. ஒன்றும் தெரியவில்லை.

"அப்ப சாப்பிடலாமா?" என்று மட்டும் கேட்டாள்.

டாக்டரம்மா காகிதத்தை மடித்துப் பையில் போட்டார். "எங்க வீட்டுக்கு ரெண்டு கட்டு குடுங்க. என் பிள்ளைங்களுக்கு இன்னிக்கு இதுதான்."

கீரையக்காவுக்கு வேறு எந்த உறுதியும் தேவைப்படவில்லை. கொழுந்தாகப் பார்த்துப் பறித்தாள். கட்டுவதற்கு நார் எடுத்து வர மறந்துபோய், முந்தானையிலேயே ஏந்திக் கொண்டுபோய் டாக்டரம்மாவின் வண்டியில் வைத்தாள். கும்பிடக் கையெடுத்தவளை டாக்டரம்மா விடவில்லை. "நீங்க தோட்டத்தைக் குடுக்கலைன்னா என் ஆராய்ச்சி பாட்டிலுக்குள்ளயே கிடந்திருக்கும். நான்தான் சொல்லணும் நன்றி" என்றார். இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்து, "சாயங்காலம் வரைக்கும் இப்படியே நிக்கப் போறீங்களா?" என்றார் வெல்டர்.

தள்ளுவண்டி மறுபடி தெருவில் இறங்கியபோது தையல்காரி வாசலிலேயே நின்று பார்த்தாள்.

"டெஸ்ட் பண்ணியாச்சா?"

"ஆச்சும்மா. இனிமே ஒவ்வொரு போகமும் பண்ணித்தான் கொண்டு வருவேன்."

அவள் யோசித்தாள். ஒரே ஒரு கட்டு எடுத்துக்கொண்டாள். அடுத்த வாரம் இரண்டு.

இப்போது வாரத்தில் ஒரு நாள் கீரையக்கா வண்டி தள்ளுவதில்லை. டாக்டரம்மாவோடு, கால்வாய் போகிற வழியில் கீழே இருக்கும் மற்றத் தோட்டங்களுக்குப் போகிறாள். எல்லோரும் வரவேற்பதில்லை. போன வாரம் ஒரு வெங்காயத் தோட்டக்காரர், "என் பிழைப்பைக் கெடுக்கத்தான் வந்தீங்களா?" என்று மண்கட்டியை எடுத்து வீசாத குறையாகக் கத்தினார். கத்தி ஓய்ந்ததும் பம்ப்செட் மேடையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கீரையக்கா போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அண்ணே, எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. ஒண்ணும் ஆகாது. கூடவே நாங்க இருப்போம்" என்றாள். அவர் நிமிர்ந்து பார்த்து, "எந்தப் பாத்தியில மண்ணு எடுக்கணும்?" என்று கேட்டார். டாக்டரம்மா பெட்டியைத் திறந்து முதல் புட்டியை எடுத்தார்.