சுவர் என் கட்சி, திரை அவர் கட்சி

புரொஜெக்டர் விக்கிற தொழில்ல ஒரு விசேஷம் இருக்கு: வாங்கறவங்க கடையில படத்தைப் பாத்து மயங்கி வாங்குவாங்க, வீட்டுக்குப் போய் சுவத்தைப் பாத்து நம்மளைத் திட்டுவாங்க.

உங்கள்ல புருஷனும் பொண்டாட்டியுமா ஒரே கடையில உக்காந்து பொழைக்கிறவங்க யாராவது இருந்தா, மொதல்ல ஒரு சொம்பு தண்ணி குடிச்சுட்டு வந்து படிங்க. என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும். ஆலங்காயத்துல எங்க கடைக்குள்ள நுழைஞ்சா இடது பக்கம் பெயிண்ட், பட்டி, பிரஷ், ரோலர். அது என் ராஜ்ஜியம். வலது பக்கம் புரொஜெக்டர், ஸ்பீக்கர், ஒயர். அது எங்க வீட்டுக்காரர் குமரேசனோட ராஜ்ஜியம். வர்றவங்க எல்லாரும் கேக்கறது ஒரே கேள்வி: "சுவத்துலயே படம் போட்டுக்கலாமா, இல்ல ஸ்கிரீன் வாங்கணுமா?" நான் சுவர்னு சொல்லுவேன். அவரு அதே நேரத்துல ஸ்கிரீன்னு சொல்லுவாரு. கேட்டவரு டீ குடிச்சுட்டு வர்றேன்னு எழுந்து போய்டுவாரு.

இப்படியே ஓடிட்டிருந்த பொழப்புல வேலூர்லேர்ந்து ஒரு ஸ்கிரீன் ஏஜெண்ட் வந்து உக்காந்தாரு. இன் பண்ண சட்டை, வாய் நிறைய சிரிப்பு. "சார், இந்த பெயிண்ட் பக்கத்தைக் காலி பண்ணி ஒரு இருட்டு ரூம் கட்டுங்க. அதுல எங்க ஸ்கிரீனை மாட்டிக் காட்டுங்க. மலைக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் எல்லாத்துக்கும் ஏஜென்சி உங்களுக்குத்தான்" அப்படின்னாரு. எங்க வீட்டுக்காரர் கண்ணுல அப்பவே அந்த ரூம் கட்டி முடிச்சாச்சு. "ஆயுத பூஜை வரைக்கும் பாக்கலாம் செல்வி. கஸ்டமருங்க எந்தப் பக்கம் சாயறாங்களோ அதான் முடிவு"ன்னு என்கிட்ட சொன்னாரு.

கல்யாணமாகி வந்தப்ப அந்த இடது பக்கம் ஓட்டை சைக்கிளும் சாக்கு மூட்டையும் கெடந்த இடம். நான் கூட்டித் தள்ளி, ஒவ்வொரு டப்பாவா வாங்கி அடுக்கி, பட்டி பாக்கறதுலேர்ந்து கடைசிக் கோட்டு வரைக்கும் நானே கத்துக்கிட்டு உண்டாக்கினது. அது போச்சுன்னா நான் எங்க போய் உக்காருவேன்? ஆனா வாய் சும்மா இருக்குமா? "பாத்துடலாம் வாங்க"ன்னு சொல்லிட்டேன்.

நீல முகம்

ஜமுனாமரத்தூர் பக்கத்துல ஒரு விவசாயி, சாமையும் புளியும் நல்லா வெளைஞ்ச சந்தோஷத்துல புரொஜெக்டர் வாங்கினாரு. ஸ்கிரீன் வேணாம், எங்க சுவரே பளிச்சுனு இருக்குன்னுட்டாரு. நானும் சந்தோஷமா கூடப் போனேன். சுவரு பளிச்சுனுதான் இருந்துச்சு. ஏன் இருக்காது? மலையில பொங்கலுக்கு சுண்ணாம்பு அடிக்கறப்ப வெளுப்பா தெரியணும்னு நீலம் கலப்பாங்க. அவரு சம்சாரம் அந்த வருஷம் பக்கத்து வீட்டை ஜெயிக்கணும்னு ஒரு பாக்கெட்டுக்குப் பதிலா கையில கெடைச்சதையெல்லாம் கொட்டியிருக்காங்க. படத்தைப் போட்டோம். ஹீரோ நீலம், ஹீரோயின் நீலம், அடி வாங்கற ரவுடியும் நீலம்.

எங்க வீட்டுக்காரரு மெதுவா ஸ்கிரீன் படம் போட்ட அட்டையை எடுத்தாரு. நான் அதுக்குள்ள டார்ச்சை சுவத்தோட ஒட்டிப் புடிச்சு மேடு பள்ளம் பாக்க ஆரம்பிச்சுட்டேன். அதான் எங்க தொழில்ல சுவத்துக்குப் பாக்கற ஜாதகம். சுண்ணாம்பைச் சுரண்டி, பட்டி பாத்து, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, பளபளப்பு இல்லாத வெள்ளை பெயிண்டை ரெண்டு கோட்டு குடுத்ததும் மனுஷங்க மனுஷ நெறத்துக்கு வந்தாங்க. மொதல் வெற்றி எனக்குன்னு நான் தலையை நிமித்தி நின்னா, அந்தம்மாவுக்கு மட்டும் மனசே இல்ல. பெருமூச்சு விட்டுச் சொன்னாங்க: "சாமி படம் மட்டும் பாக்கறதுன்னா பழசையே வுட்டிருக்கலாம்மா."

ஓதம்

எப்பவும் நானே ஜெயிச்சேன்னு சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க, அதனால இதையும் சொல்லித் தொலைக்கிறேன். எங்க ஊர்லயே ஒரு டீச்சரம்மா. ஹால் சுவத்துக்கு அந்தப் பக்கம் அவங்க குளியலறை. "சுவத்துல ஈரம் ஊறி ஓதம் ஏறும் செல்வி, வேணாம்"னு இவரு சொன்னாரு. இவரு சொல்லி நான் கேக்கறதா? அடிச்சேன். கண்ணாடி மாதிரி வந்துச்சு. மழைக்காலம் ஆரம்பிச்சதும் சுவரு பூரா கொப்புளம் கொப்புளமா கெளம்பிடுச்சு.

கொத்தனாரு மேல பழியைப் போட்டுப் பாத்தேன், குழாய் மேல போட்டுப் பாத்தேன், ஒண்ணும் எடுபடல. இவரு முகத்துல சிரிப்பை மறைச்சுக்கிட்டு ஸ்கிரீனை மாட்டினாரே, அதுக்கு நாலு வார்த்தை திட்டியிருந்தாக்கூட தேவலாம். டீச்சரம்மா தங்கமானவங்க, கோவப்படல. ஸ்கிரீன் மாட்டறதுக்கு முன்னாடி சுவத்துல படம் ஓடறப்ப ஹீரோ கன்னத்தைக் காட்டி அவங்க கேட்டது இதுதான்: "நல்லா இருந்த புள்ளைக்கு அம்மை போட்டுடுச்சு செல்வி, வேப்பிலை கட்டட்டுமா?"

ஆட்டுத் தோல்

வாணியம்பாடியில ஒரு தோல் வியாபாரி பாய். புரொஜெக்டர் மாட்டப் போன எங்க ரெண்டு பேருக்கும் பிரியாணி போட்டு உக்கார வெச்சுட்டு, எங்க சண்டையைக் கடைசி வரைக்கும் பொறுமையா கேட்டாரு. அப்புறம் சொன்னாரு: "உங்க சுவரும் வேணாம், உங்க ஸ்கிரீனும் வேணாம். எங்க தோலை விட வழவழப்பா இந்த ஊர்ல இன்னா இருக்கு?" ஏத்துமதிக்கு வெச்சிருந்த வெள்ளைத் தோலை எடுத்து, ஒண்ணோட ஒண்ணு தெச்சு, ஹால் அகலத்துக்கு ஒரு திரை பண்ணிட்டாரு. தொட்டுப் பாத்தா வெண்ணெய். எனக்கே ஆசையா இருந்துச்சு.

விளக்கை அணைச்சு படத்தைப் போட்டதும், தையல் எல்லாம் ஓடையாட்டம் மேலேர்ந்து கீழ வரைக்கும் இறங்குது. எந்த முகம் வந்தாலும் மூக்கு ஒரு தோல்ல, காது இன்னொரு தோல்ல. பாய் விடல. "பழகிடும், பழகிடும்"னு சொல்லிக்கிட்டே முக்கால்வாசி படம் பாத்தாரு. கடைசியில பாயம்மாதான் எழுந்து லைட்டைப் போட்டு, நேரா என்கிட்ட வந்து சுவத்துக்கு பெயிண்ட் எப்ப அடிப்பேன்னு கேட்டாங்க. பாய் பாவமா பாத்தாரு. அதுக்கு அவங்க பதில்: "எந்தப் படம் போட்டாலும் மொதல்ல ஆடுதாங்க தெரியுது."

காவலூர்ல பேச்சே இல்ல

ஏஜெண்ட் ஒரு புது ஸ்கிரீன் கொண்டாந்தாரு. ஜன்னல் வழியா வெளி வெளிச்சம் வந்தாலும் அதைத் தடுத்து படத்தை மட்டும் காட்டுமாம். நெஜமாவே நல்ல சாமான், பொய் சொல்ல மாட்டேன். அதைத் தூக்கிக்கிட்டு எங்க கூடவே காவலூர் வந்தாரு. அங்க ஒரு வாத்தியாரு வீடு. நட்சத்திரம் பாக்கற பெரிய கூண்டு இருக்கற ஊரு அது, வெளி விளக்கைக் கூட அடக்கித்தான் போடுவாங்க. ஏஜெண்ட் மூச்சு விடாம பேசி முடிச்சாரு. வாத்தியாரு ஜன்னலைத் திறந்து வெளிய காட்டினாரு. மை இருட்டு. "வெளிச்சத்தைத் தடுக்கறதுக்கா? எங்க ஊர்ல வெளிச்சம் இருந்தாத்தானேங்க தடுக்கறதுக்கு!"

பொட்டு வெக்காத ரோலர்

இப்ப சந்தவாசல் கதைக்கு வர்றேன். அது நான் பொறந்த ஊரு. அங்க உரக்கடை வெச்சிருக்கற கோவிந்தன் அண்ணன், எனக்குப் பெரியப்பா பையன், புது வீடு கட்டினப்ப ஹாலை நான்தான் அடிச்சேன். கூடப் பொறந்தவன் வீடு மாதிரி பாத்துப் பாத்து இழைச்சேன். புரொஜெக்டர் வெக்கறதுன்னா இந்தச் சுவத்துலதான்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டும் வந்தேன். எங்க வீட்டுக்காரரு இன்னா பண்ணாரு? நான் அடிச்ச அந்தச் சுவத்து மேலயே சட்டம் போட்ட பெரிய ஸ்கிரீன் ஒண்ணை ஏஜெண்டோட சேந்து மாட்டிட்டு வந்துட்டாரு. எனக்குத் தெரிஞ்சப்ப சாம்பார் கரண்டியைக் கீழ வெக்கவே கொஞ்ச நேரமாச்சு.

படவேடு பக்கம் புதுசா வீடு கட்டற அண்ணனோட கூட்டாளிங்களை ஆயுத பூஜை அன்னிக்கு சாயங்காலம் அங்க வரவழைச்சு ஸ்கிரீனைக் காட்டறதுன்னு ஏற்பாடு. அவங்க புடிச்சிருக்குன்னு சொல்லிட்டா ஏஜென்சி கையெழுத்து, என் பக்கம் காலி. அன்னிக்குக் காலையில கடையில பூஜை போட்டோம். இவரு ஏணிக்குப் பொட்டு வெச்சாரு, டிரில்லிங் மெஷினுக்கு வெச்சாரு, கல்லாப் பெட்டிக்கு வெச்சாரு, வாசல்ல நின்ன ஸ்கூட்டருக்கும் வெச்சாரு. என் ரோலரையும் பெயிண்ட் டப்பாவையும் தாண்டிப் போய்ட்டாரு. ஏங்கன்னு கேட்டேன். என் முகத்தைப் பாக்காம சொன்னாரு: "எப்படியும் எடுத்துக் குடுத்துடப் போற சாமான்தானே செல்வி."

அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. அடக்கிக்கிட்டு அவரு பின்னாடி வண்டியில ஏறி உக்காந்தேன். மலை ஏறி எறங்கற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல.

சந்தவாசல்ல ஸ்கிரீனுக்குப் பூஜை

அண்ணன் வீட்டு ஹால் பூரா ஆளுங்க. ஏஜெண்ட் நடுவுல நின்னு, ஸ்கிரீனோட துணி எந்த ஊர்லேர்ந்து வருது, எப்படி நெய்யறாங்கன்னு சொல்லிக்கிட்டிருந்தாரு. ஸ்கிரீன் மேல ஒரு புதுப் பட்டுப்புடவை போத்தியிருந்துச்சு. தூசி படாம இருக்கத்தான் போலன்னு எல்லாரும் நெனைச்சோம். அண்ணனோட சம்சாரம் ராணி அண்ணி வந்து பெருமையா புடவையை எடுத்தாங்க.

ஆயுத பூஜையாச்சே! காலையிலயே அண்ணி மிக்ஸி, கிரைண்டர், தையல் மெஷின், மோட்டார் பம்பு எல்லாத்துக்கும் பொட்டு வெச்ச கையோட, வீட்டுலயே புதுசா வந்த பெரிய சாமானாச்சேன்னு ஸ்கிரீனுக்கும் வெச்சுட்டாங்க. அதுவும் எப்படி? இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் விபூதிப் பட்டை, நடுவுல கொழைச்ச சந்தனம், அது மேல உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமம். நானும் இந்த ஊர்ப் பொண்ணுதான். அவங்க இடத்துல இருந்தா நானும் அதையேதான் பண்ணியிருப்பேன்.

ஏஜெண்ட் பதறிப்போய் கைக்குட்டையை நனைச்சுத் தொடைச்சாரு. தொடைக்கத் தொடைக்க சிவப்பு பரவிக்கிட்டே போச்சு. சமாளிக்கலாம்னு கிரகப்பிரவேச வீடியோவைப் போட்டாரு. பால் சொம்போட உள்ள வர்ற அண்ணனுக்கு, யாரோ பளார்னு விட்டாப்புல மூஞ்சி பூரா செவந்து போச்சு. ஹாலே சிரிச்சுது. அண்ணிக்கு மட்டும் கண்ணு கலங்கிடுச்சு. நல்ல நாளும் அதுவுமா இப்படி ஆயிடுச்சேன்னு அவங்களுக்கு. அதைப் பாத்ததும் என் கோவமெல்லாம் எங்க போச்சுன்னு தெரியல.

எங்க வீட்டுக்காரரு என்னைத் திரும்பிப் பாத்தாரு. அன்னிக்கு அப்பதான் மொதல் தடவையா நேருக்கு நேரா பாத்தாரு. "பின்னாடி சுவரு நீ அடிச்சதுதானே?"ன்னாரு. ஆமான்னேன். ஏஜெண்ட் வேணாம் சார், வேணாம் சார்னு தடுக்கத் தடுக்க, தன் கையாலயே ஸ்கிரீனைக் கொக்கியிலேர்ந்து தூக்கி இறக்கி வெச்சாரு. வெளக்கை அணைச்சு அதே வீடியோவைச் சுவத்துல போட்டாரு. அண்ணனோட வெள்ளை வேட்டி வெள்ளையா வந்துச்சு. அண்ணியோட பட்டுப்புடவைக் கரை இழை இழையா தெரிஞ்சுது. கைதட்டினாங்கப்பா! எனக்கு அங்கயே ஒரு ஆட்டம் போடலாம் போல இருந்துச்சு.

ஏஜெண்ட் விடுவாரா? "ஸ்கிரீனுக்கு மட்டும் பொட்டு வெக்காம இருந்தா போதும் மேடம்"னு அண்ணிகிட்ட கெஞ்சினாரு. நான் எழுந்து நின்னேன். "அண்ணி, நீங்க அடுத்த வருஷம் சுவத்துக்குத் தாராளமா வைங்க. பட்டையும் போடுங்க. பொங்கலுக்கு எப்படியும் வீட்டுக்கு வெள்ளை அடிக்கத்தானே போறீங்க? குங்குமம் பட்ட எடத்துல ஒரு கை பிரைமர், மேல ஒரு கோட்டு, முடிஞ்சுது"ன்னு சொன்னேன். வந்தவங்க எல்லாரும் ஸ்கிரீனை விட்டுட்டு என் பக்கம் திரும்பி உக்காந்தாங்க. அண்ணி முந்தானையால கண்ணைத் தொடைச்சுக்கிட்டு ஏஜெண்டைப் பாத்துக் கேட்டாங்க: "பொட்டு வெச்சா கெட்டுப்போற பொருளு நம்ம வூட்டுக்கு இன்னாத்துக்குங்க?"

மறுநாள்

அதுக்கு மேல அங்க யாரும் ஸ்கிரீன் பேச்சு எடுக்கல. ஏஜெண்ட் ஸ்கிரீனை மடிக்கவும் முடியாம, தூக்கவும் முடியாம வேன்ல ஏத்திக்கிட்டுப் போனாரு. படவேட்டுக்காரங்க அத்தனை பேரும் அவங்கவங்க ஹாலுக்கு என்னைக் கேட்டாங்க. புரொஜெக்டர் மாட்டறது எங்க வீட்டுக்காரர்தான், அதனால அவருக்கும் நஷ்டம் ஒண்ணுமில்ல. இதை வழியெல்லாம் அவருக்கு எடுத்துச் சொல்லிக்கிட்டே வந்தேன். போறப்ப பேசாததுக்கும் சேத்து வர்றப்ப பேசிட்டேன்.

மறுநாள் விஜயதசமி. நான் சமையலை முடிச்சுட்டுக் கடைக்குப் போனா இவரு எனக்கு முன்னாடியே வந்து ஷட்டரைத் தூக்கியிருந்தாரு. இடது பக்கம் தரையில சம்மணம் போட்டு உக்காந்து, சந்தனக் கிண்ணத்தைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, ஒவ்வொரு டப்பாவுக்கா பொட்டு வெச்சுக்கிட்டிருந்தாரு. மன்னிப்பெல்லாம் கேக்கற ஜாதி இல்ல அவரு, எனக்குத் தெரியும். நான் வாசல்லயே நின்னு நல்லா பாத்தேன். மனசு நெறைஞ்சு போச்சு. என் ரோலரைத் தூக்கிப் புடிச்சு, விபூதிக் கையோட கேட்டாரு: "பட்டை இது போதுமா, இன்னும் கொஞ்சம் அகலமா போடட்டா?"

இப்பல்லாம் எங்க கடைக்கு வந்து சுவரா ஸ்கிரீனான்னு கேட்டீங்கன்னா அவரே சுவர்னுதான் சொல்றாரு, உங்க வீட்டுச் சுவத்துல ஓதம் இருந்து ஸ்கிரீன்தான் வேணும்னா என்கிட்ட வாங்க, ஜெயிச்சவளுக்குத் தாராள மனசு.