மலைக்காரருக்குக் கம்மியாகப் போட்டவள்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற காசிநாதனின் கம்ப்யூட்டர் கடையில் விஜயலட்சுமிக்குப் பதினாலு வருஷ வேலை. களமருதூரிலிருந்து தினமும் பஸ். அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பிரிண்டரை ஓடவைக்கிற டிரைவர் புரோகிராமைப் போடும்போது கண்ணை மூடிக்கொண்டு நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அமுக்கமாட்டாள். பொடி எழுத்துக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கிற டிக்குகளைத் தேடித் தேடி எடுப்பாள். கல்யாணத்துக்கு அழைத்தவனோடு அழைக்காத நாலு பேர் பந்தியில் உட்காருகிற மாதிரி, டிரைவரோடு இலவசமாக நுழைகிற குப்பை புரோகிராம்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது.

ஒரு மே மாதம் கல்வராயன் மலையிலிருந்து வேடியப்பன் இறங்கி வந்தார். சாமையும் தினையும் விதைக்கிற மனுஷர். கையில் ஒரு பழைய லேப்டாப், ஸ்கேனரோடு ஒரு புதுப் பிரிண்டர். மகள் தமிழ்மொழி பன்னிரண்டாவது முடித்திருந்தாள். நர்சிங் படிப்புக்கு வீட்டிலிருந்தே விண்ணப்பம் போட வேண்டும், சான்றிதழ்களை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். மேலே நெட் என்றால் போன் ஒன்றுதான், ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. அதைக் கேட்டதும் விஜயலட்சுமி இன்னும் கவனமாக டிரைவரை மட்டும் போட்டாள்.

வேடியப்பன் திரையையே பார்த்தார். "இன்னாம்மா, ஒண்ணுமே வரல? எங்க ஊரு செல்லனுக்கு வேற கடையில போட்டாங்க, ஸ்கிரீன் பூரா படமா வந்துச்சே."

"அதெல்லாம் வேணாங்கண்ணே. உங்க நெட்ட அதுங்களே தின்னுடும்."

"யாவாரி எங்க புளிய எட போட்டாலும் எங்களுக்குக் கம்மி. இங்க வந்தாலும் கம்மியா?"

அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை. வாழ்நாள் முழுக்கத் தராசைத் தராசாக நம்ப முடியாத மனுஷர் திரையை மட்டும் எப்படி நம்புவார்? காசிநாதன் எழுந்து வந்தார். "கேக்கறத போட்டுக் குடு விஜயா. உனக்கு இன்னா போவுது?"

எல்லா டிக்கும் இருந்தபடி இருக்க அவள் நெக்ஸ்ட்டை அமுக்கினாள். படங்கள் வந்து விழுந்தன. வேடியப்பன் முகம் மலர்ந்தது.

மூன்று மாதம் கழித்து, மச்சான் வீரமுத்துவைக் கூட்டிக்கொண்டு, அவருடைய லேப்டாப், பிரிண்டரோடு வேடியப்பன் வந்தார்.

"பொண்ணு அப்ளிகேசன் போச்சாண்ணே?"

"போவலம்மா. நாலு நாளா பாத்தோம். பத்து மணிக்கே நெட்டு தீந்துபோவுது. மேக்கொண்டு ரீசார்ஜ் பண்ணேன், அதுவும் போச்சு. எங்க மலைக்கு வர்ற சிக்னலு அப்படி. கடைசி நாளும் முடிஞ்சுது. பொண்ணு திருப்பூரு பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய்ட்டா."

விஜயலட்சுமி மறைக்காமல் சொல்லிவிட்டாள். "சிக்னல் இல்லண்ணே. அன்னிக்கு நான் போட்ட படங்கதான் தின்னுச்சு. இவருக்காவது டிரைவர் மட்டும் போடறேன்."

வேடியப்பன் முகம் சுருங்கியது. "இவனுக்கும் படிக்கிற பொண்ணு இருக்குதும்மா. இவனுக்கு மட்டும் இன்னாத்துக்குக் கம்மி?"

காசிநாதன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மேஜையை விரலால் ஒரு தட்டுத் தட்டினார்.

அவள் ஒரு டிக்கையும் தொடவில்லை. நெக்ஸ்ட். நெக்ஸ்ட். படங்கள் ஒவ்வொன்றாக விழ விழ, வேடியப்பன் விரல்விட்டு எண்ணி மச்சான் தோளைத் தட்டினார்.

"எனக்குப் போட்டதவிட உனக்கு ரெண்டு ஜாஸ்திடா."