ஓடோ மிச்சம் வைத்த பாதி ரொட்டி

எங்கள் வெல்பி ஊரில் மாவு ஆலை நடத்திய ஓடோ, மனைவி ஹவீஸ் அதட்டும்போதெல்லாம், "ஓடையில விழுந்து செத்துப்போறேன் பாரு" என்பான். சொல்லிவிட்டு இன்னொரு ரொட்டியைத் தின்பான். இருபத்தாறு ஆண்டுகள் இப்படியே போயின. ஒரு செவ்வாய்க்கிழமை பகலில் உண்மையாகவே ஆலை ஓடையில் பிணமாகக் கிடந்தான்.

தற்கொலை என்றால் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை. வீட்டுச் சாமான்களும் அரசருக்குப் போய்விடும். ஊரார் பன்னிரண்டு பேர் சத்தியம் செய்து தீர்ப்புச் சொல்ல வேண்டும். விசாரணையில் எழுத்தர் நான்.

"அவன் வாயாலயே சொன்னானேம்மா, ஊரே கேட்டுச்சே!" என்றார் பாதிரியார்.

ஹவீஸ் கூடையிலிருந்து விலாங்குமீன் அடைத்த ரொட்டியை எடுத்து வைத்தாள். பாதிதான் இருந்தது.

"இது ஓடைப் பாலத்து மேல கிடந்துச்சு சாமி. அந்த மனுசனை உங்களுக்குத் தெரியாதா? சாகப் போறவரா இருந்தா முழுசாத் தின்னுட்டுல்ல போயிருப்பாரு!"

பாதிரியாரே சிரித்துவிட்டார். அவர் வீட்டு விருந்தில் ஓடோ தின்ற கதை ஊரறிந்தது.

"கால் வழுக்கித்தான் விழுந்திருக்கான்" என்றார்கள் பன்னிரண்டு பேரும். ஓடோவுக்குக் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே இடம் கிடைத்தது.

சான்றுப் பொருளைப் பதிய ரொட்டியைக் கேட்டேன். பன்னிரண்டு பேரும் வாயைத் துடைத்துக்கொண்டார்கள். "விலாங்குமீன் ரொட்டி, பாதி. தீர்ப்புக்குப் பின் இல்லை" என்று எழுதினேன்.