பேழையில் ஏறிய ஞாயிறு

லிமோன் கடற்கரைச் சபைக்கு ஐவரீன்தான் வாசற்காவல். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு அவள் கதவருகே நின்றால், பாஸ்டர் எஃப்ரெய்ம் ஆமென் சொல்லும்வரை ஓர் ஈ கூட வெளியே போக முடியாது.

அந்த ஞாயிறு பிரசங்கம் முடியப்போகும் நேரத்தில், வாசல் பாதாம் மரத்திலிருந்து, அங்குலம் அங்குலமாக நகரும் ஸ்லாத் என்ற மரவிலங்கின் குட்டி ஒன்று பொத்தென்று விழுந்து கத்தியது. தாய் உச்சிக்கிளையில் தொங்கியது. ஐவரீன் விலங்கு மீட்பு நிலைய டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அடி பட்டிருக்கா?"

"இல்லம்மா, தொண்டை நல்லா இருக்கு."

"அப்ப தொடாதீங்க. தாயே வந்து தூக்கிக்கும். ஆள் நடமாட்டம் இருந்தா இறங்காது, குட்டி அநாதையாயிடும்."

ஐவரீன் கதவைச் சாத்தினாள். "ஐயா, தாய் தரைக்கு வர்ற வரைக்கும் பிரசங்கத்த நிறுத்திடாதீங்க," என்று பாஸ்டரின் காதில் சொன்னாள். இப்படியொரு வேண்டுகோளை அவர் ஆயுளில் கேட்டதில்லை, முகம் மலர்ந்துவிட்டது.

தாயோ ஒரு கையை வைத்து, யோசித்து, மறு கையை வைத்தது.

"ஏண்டி, அது இறங்குறதுக்குள்ள நான் பரலோகம் ஏறிடுவேன்," என்று முனகினான் அவள் புருஷன் கிளெவல்.

"போய் எனக்கும் இடம் பிடிச்சு வைங்க."

கடைசியில் பாஸ்டருக்கே சரக்கு தீர்ந்தது.

"நோவா கதை சொல்லுங்க ஐயா. மிருகங்கள ஜோடி ஜோடியா ஏத்துங்க," என்றாள் ஐவரீன்.

ஒட்டகம் ஏறியது, ஓணான் ஏறியது. ஐவரீன் கதவை ஒட்டிய ஜன்னலோரம் ஜெபித்தபடி நின்றாள். ஆமை ஏறும்போது தாய் தரையைத் தொட்டது. குட்டி அதன் மார்பில் ஒட்டிக்கொண்டது.

"ஸ்தோத்திரம்! இறங்கிடுச்சு!" என்றாள்.

சபையே எழுந்தது. ஐவரீன் கதவை விட்டு நகரவில்லை.

"உக்காருங்க. இனி அது மேல ஏறணும்ல?"

பாஸ்டர் பெருமூச்சு விட்டு, பேழையின் கதவைச் சாத்தி, நாற்பது நாள் மழையைத் தொடங்கினார்.