நான் துறைமுகங்களை மூடிய கதை

பன்னிரண்டு வயதில் நான் மூன்று வாரம் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்தேன். ரொறொன்ரோவில், அதுவும் மில்லிக்கனில் இருந்துகொண்டு அந்தப் பதவியை வகித்த தமிழ்ப்பெண் வேறு எவரும் இருக்கமாட்டார். இப்போது எல்லைக்கு அப்பாலிருந்து வரிச் சண்டைச் செய்தி வரும்போதெல்லாம் எனக்கு என் ஆட்சிக்காலம்தான் ஞாபகம் வரும்.

வகுப்பில் சரித்திர நாடகம். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு மூன்றாவது ஜனாதிபதி விழுந்தார். இங்கிலாந்தும் பிரான்சும் தங்களுக்குள் சண்டை பிடித்துக்கொண்டு, நடுவில் போகும் அமெரிக்கக் கப்பல்களைப் பறிக்கின்றன. இங்கிலாந்தோ கப்பலில் இருக்கும் மாலுமிகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. ஜனாதிபதியிடம் பெரிய கடற்படை இல்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? துறைமுகங்களை மூடிவிட்டார்! எங்கள் சாமான் இல்லாமல் தவித்துப் பாருங்கள் என்றார். ஒரு வெடி இல்லை, ஒரு அடி இல்லை! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அதற்குப் பிறகு ஆசிரியை சொன்ன எதுவும், அந்தத் தடை கடைசியில் யாருக்கு நட்டமாய் முடிந்தது என்பதுகூட, என் காதில் விழவில்லை.

ஏனென்றால் எனக்கும் ஓர் இங்கிலாந்து இருந்தது. வோபர்னில் இருந்த மாமாவின் மகன் என் ஹாக்கி மட்டையை இரவல் வாங்கி, "உது இனி என்ரை" என்று சொல்லிவிட்டான்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் இடையில் ஓர் ஐஸ்கிரீம் வாளி ஓடிக்கொண்டிருந்தது. மாமி அதில் இனிக்க இனிக்கத் தொதல் கிண்டி அனுப்பினால், அம்மா அதையே பயற்றம்பணியாரத்தால் நிரப்பித் திருப்பி அனுப்புவார். வெறும் வாளி போகக்கூடாது. வாளியே திரும்பாவிட்டால் உறவு வேண்டாம் என்று அர்த்தம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிய அதைக் காவிப்போய், மகனை ஏற்ற வரும் மாமாவின் காரில் வைப்பது நான். ஆகவே துறைமுகம் என் கையில்! அந்தச் சனிக்கிழமை அம்மா நிரப்பித் தந்த வாளியைக் கராஜில், மடக்குக் கதிரைகளுக்குப் பின்னால் ஒளித்தேன். அம்மா கேட்டபோது "ஓம், குடுத்தனான்" என்றேன்.

தடை அபாரமாக வேலை செய்தது. வாளி வராததால் மாமி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். "சாப்பிட்டுப்போட்டு ஒரு சொல்லுச் சொல்ல அவவுக்கு வாய் வரேல்லையோ?" என்று அம்மா கொதித்தார். தொலைபேசி ஓய்ந்தது. தொதல் நின்றுபோனது எனக்குக் கொஞ்சம் கஷ்டம்தான், நாட்டுக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் மாமாவின் புது வீட்டுக்குக் குடிபூரல் வந்தது. தங்கச்சி என்ற முறையில் அம்மாதான் போய்ப் பால் காய்ச்ச வேண்டிய வீடு. இந்த நாட்டில் அம்மாவுக்கு இருந்த ஒரே கூடப்பிறந்தவர் மாமாதான். அம்மா போகமாட்டேன் என்றார். எனக்கோ, மச்சான் மட்டையோடு ஓடிவந்து சரணடையப் போகும் நாளை நினைத்து நித்திரையே வரவில்லை.

குடிபூரலுக்கு முதல்நாள் பின்னேரம், மாமாவுக்கு இரவல் கொடுக்கவென்று அப்பா கதிரைகளை எடுக்கப் போனார். வாளியோடு திரும்பி வந்தார்.

அம்மா மூடியைத் திறந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மட்டை, இங்கிலாந்து, ஜனாதிபதி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அம்மா தொலைபேசியை எடுத்தார்.

"மச்சாள், பிழை என்ரைதான். வாளியைத் தந்துவிட மறந்துபோனன். குறை நினையாதேங்கோ. விடிய வந்து பால் காய்ச்சிறன்."

என் பெயரே வரவில்லை. அடி விழாமல் தப்பினேன் என்று நான் மகிழ்ந்திருக்க வேண்டும். எனக்கோ ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இன்னும் ஒரே ஒரு நாள் பொறுத்திருந்தால் அவர்களே இறங்கி வந்திருப்பார்கள். அதற்குள் அம்மா அவசரப்பட்டுத் தோற்றுவிட்டாரே என்று கட்டிலில் குப்புறக் கிடந்து அழுதேன்.