ரோதமுனி பானையில் வெந்த தெர்மோஸ்டாட்

எங்கள் வீட்டில் எது கெட்டுப்போனாலும் முதலில் ஒரு பெண்ணைத் தேடுவார்கள். பால் திரிந்தால் அம்மா. கோழி செத்தால் பக்கத்து லயத்து வீட்டுப் பெரியம்மாவின் கண். அந்த வழக்கப்படி, வேன் கொதித்தபோது பழி அத்தையின் தலையில் விழுந்தது.

அத்தை அப்பாவின் தங்கை. புருஷனை விட்டுப் பிரிந்து, குவைத்தில் வீட்டுவேலை செய்து, அந்தச் சம்பாத்தியத்தில் ஒரு பழைய வேன் வாங்கியவர். எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளைப் பசறைப் பள்ளிக்கூடத்துக்கு அதில்தான் ஏற்றிப் போவார். அந்த வேன் ஓடினால்தான் அவருக்குச் சோறு. அதைவிட, அது ஓடும்வரைதான் அவர் யாரிடமும் கையேந்தாமல் நிமிர்ந்து நிற்க முடியும்.

பள்ளிக்கூடத்தின் இரண்டாம் தவணையில் வேன் கொதிக்கத் தொடங்கியது. மேட்டில் பாதி ஏறுவதற்குள் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விடும், ஆவி கிளம்பும், பிள்ளைகள் இறங்கி நடப்போம். எங்களுக்கு அது கொண்டாட்டம். அப்பாவுக்கு அவமானம்.

"வாழாவெட்டி கையில சாவி இருந்தா வண்டி எப்படிடா வெளங்கும்?" என்று சித்தப்பாவிடம் கேட்டார். சித்தப்பாவுக்கு அந்தச் சாவியின் மேல் வெகுநாளாகவே கண். தலையைத் தலையை ஆட்டினார். கராஜ்காரரோ என்ஜினையே இறக்க வேண்டும் என்றார். கடைசியில், ரோதமுனிக்குப் பொங்கல் வைத்துத் தோஷம் கழிப்பது, பிறகு வேனைச் சித்தப்பாவிடம் ஒப்படைப்பது என்று முடிவானது. ரோதமுனி தேயிலை பெக்டரிச் சக்கரங்களுக்குக் காவல் இருக்கும் சாமி. வேனுக்கும் சக்கரம் இருக்கிறதல்லவா! வேனுக்குச் சொந்தக்காரியை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அத்தை தோஷத்தை வேறு இடத்தில் தேடினார். முள் சிவப்பில் நிற்கும்போதே ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தார். அது சில்லென்று இருந்தது.

"உள்ள கொதிக்குது, இங்க பச்சத் தண்ணி. நடுவுல ஏதோ கதவு சாத்திக் கெடக்கு" என்றார். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து அந்தக் கதவைக் கண்டுபிடித்தார். அதன் பெயர் தெர்மோஸ்டாட். என்ஜின் சூடானதும் வாயைத் திறந்து, தண்ணீரை ரேடியேட்டருக்கு விட வேண்டிய சின்னச் சாமான்.

பொங்கல் வைக்கும் நாள் காலையில் யாருக்கும் சொல்லாமல் அதைக் கழற்றி எடுத்துவிட்டு, வீட்டார் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ரோதமுனி கோயிலுக்கு மேடேறினார். வேன் கொதிக்கவில்லை.

"பாத்தீங்களா, பொங்க வைக்க முன்னமே சாமி கண்ணத் தொறந்திருச்சு!" என்று அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அத்தைக்கு அதுதான் பொறுக்கவில்லை. கையில் கரி பூசிக்கொண்டவர் ஒருவர், பெயர் வாங்குவது இன்னொருவரா?

கல்லடுப்பில் பானைத் தண்ணீர் கொதித்தது. அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். அத்தை, கழற்றிய பழையதையும் பதுளையில் வாங்கிவைத்திருந்த புதியதையும் ஒரே கம்பியில் கோத்துப் பானைக்குள் இறக்கினார். கொஞ்ச நேரம் கழித்துத் தூக்கிக் காட்டினார். புதியது வாயைத் திறந்திருந்தது. எங்கள் கண்முன்னே ஆறி, மெல்ல மூடிக்கொண்டது. பழையதோ தொடக்கத்திலிருந்தே பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது.

"பாருங்கண்ணே. இதான் என் தோஷம்."

"சாமி பானையில என்ஜின் சாமானப் போடுறியே, நீ உருப்படுவியா?"

"இவரு மெஷினுக்குக் காவல் நிக்கிற சாமி. மெஷின் சாமானுக்குக் கோவிச்சுக்க மாட்டாரு. கோவிச்சா என்னையக் கேக்கட்டும், நான் பதில் சொல்லிக்கிறேன்."

வேறு பானை வைத்தார்கள். அது பொங்குவதற்குள், ஆறிக் கிடந்த என்ஜினில் புதியதைப் பூட்டி முடித்தார் அத்தை. அவர் ஜெயித்துவிட்டார் என்றே நான் நினைத்தேன். அப்பாவோ விபூதி பூசிக்கொண்டு வந்து, ஒன்றுமே நடக்காதவர்போலக் கையை நீட்டினார்.

"அதான் சரியாயிருச்சில்ல? சாவியத் தம்பிகிட்டக் குடு."

கெட்டபோது ராசியில்லை என்று கேட்ட சாவியை, நன்றானபோது ராசி வந்துவிட்டது என்று கேட்டார்கள். எந்தப் பக்கம் போனாலும் அந்தக் கை நீண்டுகொண்டேதான் இருந்தது.

அத்தை ஏறி உட்கார்ந்து வேனை ஸ்டார்ட் செய்தார். "வண்டி என்னோடது. நாந்தான் ஓட்டுவேன். வர்றவங்க ஏறுங்க, வராதவங்க நடங்க."

"ஒருத்தரும் ஏறக் கூடாது!" என்றார் அப்பா.

ஒருவரும் அசையவில்லை. அம்மா மட்டும் அகப்பையைக் கீழே வைத்தார், சேலையில் கையைத் துடைத்தார், அப்பாவின் பக்கம் பார்க்காமலே போய் அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்தினார். அப்பாவுக்கு எதிரே ஒரு வார்த்தை கூடப் பேசி நான் பார்த்திராத அம்மா.

எனக்கு அதெல்லாம் உறைக்கவே இல்லை. முன் சீட்டு பறிபோன ஆத்திரம்தான் எனக்கு. பின்னால் ஓடி ஏறி, "நீ ஏம்மா என் எடத்துல ஒக்காந்த?" என்று அழுதபடி, வழி முழுக்க அவர் முதுகைக் குத்திக்கொண்டே வந்தேன். அவர் திரும்பவே இல்லை. கதவுப் பிடியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தவர், கடைசிவரை அதை விடவும் இல்லை. ரோட்டில் அவ்வளவு குழி என்று நினைத்துக்கொண்டேன்.