குழிக்குக் கொடுத்த கூலி

எனக்குக் கடன் என்றால் ஆகாது. கடை பாக்கி, வாடகை பாக்கி, சீட்டுப் பாக்கி எதுவாக இருந்தாலும் கொடுத்துத் தீர்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் தோல் தைத்தவள் நான். அங்கே கார்டைத் தேய்த்தால் சம்பளம், ஓவர்டைம் பார்த்தால் அதற்கொரு சீட்டு. யாராவது எனக்கு டீ வாங்கிக் கொடுத்தால் மறுநாளே நான் அவளுக்கு வாங்கிக் கொடுத்துவிடுவேன். "இன்னாக்கா, டீயைக்கூட வட்டியோட திருப்பிக் குடுப்ப போல" என்று லைனில் கிண்டல் செய்வார்கள். செய்துகொள்ளட்டும் என்று தலை நிமிர்ந்து நடந்தேன். ஒருத்தரும் என் வாசலில் வந்து நின்று பணம் கேட்டதில்லை.

என் வீட்டுக்காரர் மலையில் இருந்தார், நான் கீழே இருந்தேன். ஆலங்காயத்துக்கு மேலே அவருக்கு ஒன்றரை ஏக்கர் காபித் தோட்டம். அதை நம்பி இரண்டு பேரும் உட்கார முடியாது. அதனால் ஆம்பூரில் வாடகை அறை எடுத்துத் தங்கி, மாதம் ஒருமுறை பஸ் பிடித்து மேலே போய் வருவேன். பிள்ளைகுட்டி இல்லை. அவர் போன பிறகு கம்பெனியில் கணக்கை முடித்துக்கொண்டு தோட்டத்தோடு வந்து சேர்ந்தேன். ஆம்பூர் அறையில் நான்கு சுவர்களைப் பார்த்துக்கொண்டு கிடந்தது போதும், இங்கேயாவது மனுஷர் முகம் பார்த்து வாழலாம் என்றுதான் வந்தேன். காபிக்காக வந்தேன் என்று சொன்னால் அது பொய்.

வந்த நாலாம் நாள் பக்கத்துத் தோட்டக்காரி வேலி ஓரமாக வந்து நின்றாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். துக்கம் விசாரிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்து நான் மூக்கைச் சிந்தினேன்.

"அழுவாத அண்ணி. அண்ணன் எங்களுக்கு மூணு நாள் ஆள் பாக்கி. மொளகு பறிக்கணும். நீ வந்து கழிச்சிடு" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. செத்த மனுஷன் பெயரில் பாக்கி கேட்கிறாளே, இவளெல்லாம் ஒரு பொம்பளையா என்று முணுமுணுத்துக்கொண்டேதான் போனேன். முதல் நாள் மத்தியானமே கோபம் போய்விட்டது. பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்து களியும் கீரைக் குழம்பும் சாப்பிட்டோம். ஆம்பூர்க்காரி ஏணியில் ஏறினால் ஏணி அழுகிறது என்று என்னைக் கேலி செய்தார்கள். நானும் விடவில்லை, எனக்கு வாய் ஜாஸ்தி. பதிலுக்குப் பதில் கொடுத்தேன்.

எங்கள் மலையில் கூலி கிடையாது. இன்றைக்கு என் தோட்டத்துக்கு நீ வந்தால், நாளைக்கு உன் தோட்டத்துக்கு நான் வருவேன். ஆள் மாத்துறது என்பார்கள். அதில் ஒரு விஷயம் உண்டு. முழுசாக யாரும் தீர்த்துவிட மாட்டார்கள். ஒரு நாளோ அரை நாளோ யாராவது ஒருத்தர் பக்கம் நிற்கும். அது நின்றால்தான் அடுத்த முறை கூப்பிடலாம், கூப்பிட்டால் போகலாம். இதைக் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் என் மரமண்டையில் ஏறவில்லை.

தோட்டத்தில் செடிகள் கிழடு தட்டிப் போயிருந்தன. தண்டுக்குள் புழு துளைத்து, அடியில் மரத்தூள் கொட்டிக் கிடக்கும். இலை மஞ்சளாகும், பிடித்து ஆட்டினால் செடியே ஒடிந்து கையோடு வரும். இரண்டு வருஷம் விட்டால் பறிக்க ஒன்றும் இருக்காது என்று தெரிந்தது. அந்தச் சமயத்தில்தான் கடன் வந்தது. காபி வாங்கும் ஒரு கம்பெனியும் வாணியம்பாடியில் ஒரு வங்கியும் சேர்ந்து, சின்னத் தோட்டக்காரர்களுக்குச் செடி மாற்றப் பணம் தந்தார்கள். நல்ல கடன்தான், குறை சொல்ல மாட்டேன். பழைய செடியை ஒரே அடியாகப் பிடுங்கக் கூடாது, வருஷத்துக்கு மூன்றில் ஒரு பங்கு. நிழலுக்கு நிற்கும் பலாவையும் சில்வர் ஓக்கையும் தொடக் கூடாது. களைக்கொல்லி அடிக்கக் கூடாது. புதுச்செடி காய்க்கிற வரை தவணை கேட்க மாட்டார்கள். ஃபாரத்தை மூன்று முறை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். வாழ்க்கையில் முதல் கடன்.

முதல் பங்குப் பணம் குழி வெட்ட. குழிகளைப் பார்த்துத் திருப்தியானால்தான் நாற்று வாங்க இரண்டாம் பங்கு. நான் வேலி ஓரமாகப் போய்ச் சொன்னேன், அவ்வளவுதான். மறுநாள் காலையில் பன்னிரண்டு பேர் கடப்பாரையோடு வந்து நின்றார்கள். மூன்று நாளில் வேலை முடிந்தது. அந்த மூன்று நாள் மாதிரி நான் சிரித்துப் பல வருஷம் ஆகியிருந்தது. கடைசி நாள் சாயந்திரம் அவர்கள் போன பிறகு குழிகளுக்கு நடுவே நின்று, அவர் இருந்து இதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று அழுதேன்.

கடன் பார்க்கிற சார் பைக்கில் வந்தார். குழிகளை போனில் படம் எடுத்தார். எல்லாம் சரி என்றார். பிறகு, "ஆள் கூலி ரசீது எங்கம்மா?" என்றார்.

"கூலி ஏது சார்? இங்க எல்லாம் ஆள் மாத்துறதுதான்."

"அதுக்கு ஃபாரத்துல எடமே இல்லம்மா. பேரு, நாளு, எவ்ளோ குடுத்தீங்க, கையெழுத்து. இது இல்லாம ரெண்டாவது பணம் வராது." என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இதுக்குப் போயி பேஜார் ஆவாதீங்க. சும்மா கையெழுத்து மட்டும் வாங்கி வெச்சிடுங்க. யார் வந்து கேக்கப் போறாங்க?"

எனக்கு வந்ததே கோபம். "குடுக்காத காசுக்குக் கையெழுத்து வாங்குற பழக்கம் எனக்கு இல்ல சார்."

அவர் தலையைச் சொறிந்தார். "அப்போ குடுத்துட்டே வாங்குங்க. அதுக்குத்தான பணம் வந்திருக்குது."

நியாயமாகத்தான் பட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பன்னிரண்டு கவரில் மூன்று நாள் கூலியைப் போட்டு, கம்பெனியில் கொடுப்பதுபோல மேலே பெயர் எழுதி, வீடு வீடாகப் போனேன். ஒரு பெரியவர் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கெதுக்கும்மா? நான் ஒனக்கு வந்தேன், நீ எனக்கு வருவ" என்றார். "பரவால்ல மாமா, பேங்க் பணம்தான, வெச்சிக்குங்க" என்று அவர் கையில் திணித்தேன். சந்தோஷமாகத்தான் திணித்தேன். கடைசியாகப் பக்கத்துத் தோட்டக்காரியிடம் போனேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள், எண்ணினாள், கையெழுத்துப் போட்டாள்.

"அப்ப சரி அண்ணி. தீந்துச்சு" என்றாள்.

"ஆமா, தீந்துச்சு" என்று நானும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வந்தேன். மடச்சி.

இரண்டாம் பணம் வந்தது, நாற்று வந்தது, ஆடி மழையும் வந்தது. நட ஆள் வேண்டும் என்று சொல்லப் போனேன். எத்தனை மணிக்கு, கூலி எவ்வளவு என்று கேட்டார்கள். ஒன்பது மணிக்கு வந்தார்கள். ஆளுக்கொரு டிபன் பாக்ஸ் கொண்டுவந்து மரத்தடியில் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள். பன்னிரண்டு பேருக்கு நான் கிண்டிவைத்த களி அப்படியே இருந்தது. ஐந்து மணிக்குக் கையைக் கழுவிக்கொண்டு, கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு செடியும் நேராக நின்றது.

கார்த்திகையில் பழப் பறிப்பு ஆரம்பித்தது. வேலிக்கு அந்தப் பக்கம் பேச்சும் சிரிப்பும் கேட்டது. கூப்பிடுவார்கள் என்று கூடையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் போனது, நாலு நாள் போனது. ஐந்தாம் நாள் தண்ணீர்க் குழாயடியில் அவளைப் பிடித்தேன்.

"ஏன் என்னைக் கூப்புடல? நான் இன்னா தப்பு பண்ணேன்?"

அவள் நிஜமாகவே திகைத்துப் போனாள். "தப்பா? நீ எங்களுக்குப் பாக்கி இல்லியே அண்ணி. பாக்கி இல்லாதவங்கள எப்புடி வந்து கூப்புடறது?"

"சரி, எனக்கு ஒரு நாள் சும்மா வாங்க. நான் பாக்கி வெச்சிக்கிறேன்."

"காசு குடுக்குற வூட்டுக்குச் சும்மா போனா, காசு வாங்கினவங்க இன்னா நெனப்பாங்க?" என்று குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

சண்டை என்றால் சமாதானம் ஆகலாம். இது சண்டையே இல்லை. எதிரில் வந்தால் சிரித்தார்கள், காய்ச்சல் என்றால் ரசம் கொடுத்து அனுப்பினார்கள். ஆனால் ஒரு நாள்கூட என்னோடு ஒரு வரிசையில் நிற்க யாருக்கும் காரணம் இல்லை. நான் தனியாகக் களை கொத்தினேன், தனியாகச் செடியடியில் சருகைப் பரப்பி மூடாக்குப் போட்டேன். வெயில் காலத்தில் குடம் குடமாகத் தூக்கிச் செடிக்கு ஊற்றினேன். சில நாள் சாயந்திரம் வாயைத் திறந்தால் குரல் கரகரத்து வரும், காலையிலிருந்து பேசவே இல்லை என்று அப்போதுதான் உறைக்கும். இவ்வளவு வாயாடிக்கு இப்படி ஒரு தண்டனையா என்று ஆத்திரம் ஆத்திரமாக வரும். அவரோடு இந்தத் தோட்டத்தில் குடும்பம் நடத்தாமல் ஆம்பூரில் தனியாகக் கிடந்தேனே, அதற்கு இது சரியாகப் போயிற்று என்றுகூட நினைத்திருக்கிறேன்.

வேலை இல்லாவிட்டாலும் வாணியம்பாடிக்குப் போக ஆரம்பித்தேன். பாஸ்புக் பதிகிற வரிசையில் நின்றால் யாராவது பேசுவார்கள். ஒருமுறை புர்கா போட்ட ஒரு அம்மா, "காபி மரத்துல காய்க்குமா, செடியிலயா? நான் தூளாத்தான் பாத்திருக்கேன்" என்று கேட்டார். பழம் சிவப்பாக இருக்கும், வாயில் போட்டால் இனிக்கும் என்று ஆரம்பித்து அரைமணி நேரம் பேசினேன். என் முறை வந்ததும் அவரை முன்னால் போகச் சொன்னேன், இன்னும் கொஞ்ச நேரம் நிற்கலாமே என்று. அவர் வேலையை முடித்துக்கொண்டு, "வர்றேம்மா" என்று போய்விட்டார்.

அடுத்த வருஷம் சார் வந்து செடிகளை எண்ணினார். ஒன்றுகூடச் சாகவில்லை. "மலையிலயே உங்க தோட்டம்தான் ஃபர்ஸ்ட். மத்த ஊர் ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து காட்டப்போறோம்" என்றார்.

"கூட்டிட்டு வாங்க சார். யாராவது வரட்டும்" என்றேன். அவர் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

போன தை மாதம் ஒரு காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டபோது என்னால் முடியவில்லை. மானமாவது ஒன்றாவது என்று கூடையை எடுத்துக்கொண்டு நேராகப் போய் ஒரு வரிசையில் நின்று பறிக்க ஆரம்பித்தேன். பக்கத்தில் இருந்தவள் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். மத்தியானம் வட்டத்தில் உட்கார்ந்தேன், தட்டு வந்தது. ஆம்பூர்க்காரி பழத்தோடு இலையையும் சேர்த்துப் பறிக்கிறாள் என்று ஒருத்தி கேலி செய்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தேன். சாயந்திரம் வரை மனசுக்குள் ஒரே கணக்குத்தான். இன்றைக்கு ஒரு நாள் என் பக்கம் நின்றுவிட்டது. இனி அவர்கள் எனக்கு ஒரு நாள் வந்துதான் ஆகவேண்டும். களி கிண்டலாம்.

பொழுது சாயும்போது பழத்தை எடை போட்டு முடித்தார்கள். பக்கத்துத் தோட்டக்காரி வீட்டுக்குள் போய்விட்டு என்னிடம் வந்தாள். கையில் நானூறு ரூபாய்.

"இந்தா அண்ணி, இன்னிக்குக் கூலி."

"வேணாம்மா. இருக்கட்டும். நிக்கட்டும்."

"புடி அண்ணி" என்று என் கையைப் பிடித்து வைத்தாள். அவள் முகத்தில் கேலி இல்லை, வன்மம் இல்லை, என்மேல் மரியாதைதான் இருந்தது. "பாக்கி வெச்சா ஒனக்கு ஆவாதுன்னு மலைக்கே தெரியும். நாளைக்கும் பறிப்பு இருக்குது. கூலிக்கு வர்றியா?"

பணம் என் கையில் இருந்தது. மற்றவர்கள் கூடைகளை உதறிக்கொண்டு, மறுநாள் யார் வீட்டில் சமையல் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வர்றேன்" என்றேன்.